ஓடாத ஜனதா: பழுது பார்ப்பதா, பிரித்துக் கொடுப்பதா?

தந்தை மறைந்து ஓராண்டு கழிந்தபின் அவருடைய அலமாரியைத் திறக்கும் ஒரு மகளை எண்ணிக்கொள்வோம். தந்தை ஹைதராபாத்தில் பொதுத்துறை வங்கியொன்றில் எழுத்தராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர். பழைய வங்கிப் புத்தகங்களுக்கும் மூக்குக்கண்ணாடி உறைக்கும் இடையில் ஒரு கைக்கடிகாரம் கிடக்கிறது: எச்.எம்.டி. ஜனதா. கண்ணாடி முழுதும் கீறல் விழுந்து மங்கியிருக்கிறது. கூட்டின் விளிம்புகளில் குரோமியப் பூச்சு தேய்ந்து பித்தளை தெரிகிறது. வெண்மையாக இருந்திருக்க வேண்டிய டயல் மஞ்சளித்து, ஆறு மணிக்கு அருகே பழுப்புக் கறை படர்ந்துள்ளது. சாவி கொடுத்தால் பிடிப்பின்றிச் சுழல்கிறது. பின்மூடியில் தந்தையின் பெயரும் 1974 என்ற ஆண்டும் உள்ளன. அவருடைய திருமணத்தின்போது பெண் வீட்டார் பொறித்துக் கொடுத்தவை.

மகளுக்கு இரண்டு அறிவுரைகள் கிடைக்கும். பழுதுபார்க்கும் செலவில் இதேபோல் வேறொரு ஜனதாவையே வாங்கிவிடலாம், பாகங்களுக்காக எடுத்துக்கொள்கிறேன் என்பார் கடைக்காரர். மும்பைக்கு அனுப்பினால் புத்தம் புதிதாக்கித் தருவார்கள் என்பான் பெரியப்பா மகன். முதலாவது கணக்கு, இரண்டாவது பாசம். இவை எதிரெதிரானவையாகத் தோன்றினாலும் ஒரே பிழையில் நிற்கின்றன. கடிகாரத்தை முழுதாகக் காக்கவோ முழுதாகக் கைவிடவோ வேண்டிய ஒற்றைப் பொருளாக இரண்டுமே பார்க்கின்றன. கைச்சாவிக் கடிகாரம் அப்படிப்பட்ட பொருள் அன்று. அதில் ஒரு பகுதி எவருக்கும் உரியது. இன்னொரு பகுதி ஒருவருக்கே உரியது. முடிவு எடுக்க வேண்டியது பகுதி பகுதியாகத்தான்.

இதை விளங்கிக்கொள்ள எச்.எம்.டி. என்ற பெயரின் விரிவை நினைவுகூர்ந்தாலே போதும். இந்துஸ்தான் மெஷின் டூல்ஸ் 1953இல் பெங்களூருவில் நிறுவப்பட்டபோது அதன் வேலை கடிகாரம் செய்வது அன்று; சுவிட்சர்லாந்தின் ஓர்லிக்கன் நிறுவனத்தின் தொழில்நுட்ப உதவியோடு கடைசல் இயந்திரம் முதலிய பொறிகளை உருவாக்குவது. பிற ஆலைகளுக்கு இயந்திரம் செய்து தரும் ஆலை அது. 1961இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்துகொண்டு கைக்கடிகாரத்தில் இறங்கியது. பின்னர் ஸ்ரீநகரிலும் தும்கூரிலும் நைனிடால் மாவட்டத்து ராணிபாகிலும் ஆலைகள் எழுந்தன. துல்லியமான, ஒன்றுக்கொன்று மாற்றிப் பொருத்தத்தக்க பாகங்களைப் பெருந்தொகையாகச் செய்யும் திறனை நாட்டுக்குள் வளர்ப்பதே அம்முயற்சியின் உள்ளீடு. ஒரு ஜனதாவின் சக்கரம் இன்னொரு ஜனதாவில் அரத்தைத் தொடாமலே பொருந்தவேண்டும் என்பதுதான் அங்கே சாதனை. பெங்களூரு ஆலையின் பொருத்து மேசைகளில் அமர்ந்திருந்த பெண் தொழிலாளர்கள் இடுக்கியால் எடுத்து வைத்த பற்சக்கரம் எதுவும் குறிப்பிட்ட ஒரு கடிகாரத்துக்காகப் பிறந்தது அன்று.

ஆகவே ஜனதாவின் உள் இயந்திரத்தை, பழுதுநீக்குவோர் மொழியில் சொன்னால் ‘மெஷினை’, தனித்துவம் உடையதாகக் கருதிப் போற்றுவது அதன் வரலாற்றையே தவறாகப் படிப்பதாகும். மெயின் ஸ்பிரிங் அறுந்திருந்தால் மாற்றலாம். பேலன்ஸ் சக்கரத்தின் அச்சுமுனை ஒடிந்திருந்தால் வேறொரு ஜனதாவிலிருந்து எடுத்துப் பொருத்தலாம். இதனால் தந்தையின் கடிகாரம் தந்தையுடையதாக இல்லாமற் போகாது. அப்படி மாற்றப்படவேண்டும் என்பதற்காகவே அது வடிவமைக்கப்பட்டது.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. மாற்றுவதற்கான பாகம் எங்கிருந்து வருகிறது? ஆலை உதிரிகளை ஒழுங்காக வெளியிட்டுவந்த காலம் முடிந்துவிட்டது. 1984இல் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் டாடா குழுமமும் இணைந்து தொடங்கிய டைட்டன், ஓசூரிலிருந்து குவார்ட்ஸ் கடிகாரங்களைக் கொண்டுவந்தபோதே கைச்சாவிக் கடிகாரத்தின் சந்தை சரியத் தொடங்கியது. எச்.எம்.டி. வாட்சஸ் நிறுவனத்தையும் ஸ்ரீநகரின் சினார் வாட்சஸ் நிறுவனத்தையும் மூட மத்திய அமைச்சரவை 2016 ஜனவரியில் ஒப்புதல் அளித்தது. அதன்பின் பழைய இருப்பில் எஞ்சியவை தீரத் தீர, ஓடுகிற ஒவ்வொரு ஜனதாவுக்கும் பின்னால் பிரிக்கப்பட்ட இன்னொரு ஜனதா இருக்கவேண்டிய நிலை வந்திருக்கிறது. கடிகாரத்தைப் பாகங்களுக்காக விற்பது அதைக் கொல்வது என்று சேகரிப்பாளர்கள் சிலர் கொதிப்பது இதனால்தான் பொருளற்றதாகிறது. அவர்கள் கையில் ஓடுவதும் பெரும்பாலும் அப்படி ஒன்று பிரிக்கப்பட்டதன் பயனே. பழுதுநீக்குவோரின் இழுப்பறையில் சிறு சிறு டப்பிகளில் கிடக்கும் சக்கரங்களும் திருகுகளும் கற்களும் ஒருவகையில் பொதுச்சொத்து. அந்த இழுப்பறைகள் வறண்டுபோனால், மாடிப்படியின் கீழே ஒற்றை நாற்காலியும் கண்ணில் இடுக்கிய உருப்பெருக்கியுமாக அமர்ந்திருப்பவரின் தொழில் மட்டும் அன்று, அவர் கையிலிருக்கும் அறிவும் பயன்படுத்த ஏதுமின்றி முடிந்துபோகும்.

அப்படியானால் கடைக்காரர் சொல்வது சரிதானே என்று கேட்கலாம். சரியன்று, அவர் இன்னும் மூடியையே திறக்கவில்லை.

ஓடாமை வேறு, தேய்வு வேறு. இவ்விரண்டையும் ஒன்றாக்கிவிடுவதால்தான் காப்பாற்றத்தக்க பல கடிகாரங்கள் பிரிக்கப்படுகின்றன. ஜனதாவின் பேலன்ஸ் மணிக்கு 18,000 முறை துடிப்பது. நாளொன்றுக்கு 4,32,000 துடிப்புகள். ஓராண்டு இடைவிடாமல் ஓடினால் பதினைந்து கோடியைத் தாண்டும். இத்தனை துடிப்பையும் தாங்குவது ஊசிமுனையளவு எண்ணெய். அந்த எண்ணெய் காலத்தால் இறுகிப் பிசினாகிவிட்டால் கடிகாரம் நின்றுபோகும். நின்றுபோனது பெரும்பாலும் நல்லதே. நின்ற இயந்திரம் மேலும் தேய்வதில்லை. இழுப்பறையில் இருபதாண்டு உறங்கிய ஜனதா வெறும் கழுவலும் புதிய எண்ணெயும் பெற்று மறுபடி ஓடுவது அரிய நிகழ்ச்சி அன்று. மாறாக, இன்றுவரை நாள்தோறும் கையில் கட்டப்பட்டு, ஒருமுறையும் கழுவப்படாமல் ‘நன்றாக ஓடுகிறது’ என்று பாராட்டப்படும் கடிகாரம்தான் உண்மையில் ஆபத்தில் உள்ளது. உலர்ந்த எண்ணெயும் உலோகத் துகளும் கலந்து அரைக்கும் பசையாகி, அச்சுமுனைகளை ஒவ்வொரு துடிப்பிலும் தின்றுகொண்டிருக்கும்.

துருவின் கதை வேறு. மழைக்காலங்களில் சாவித் தண்டின் வழியே ஈரம் நுழையும். சாவி கொடுக்கும் அமைப்புக்கே முதற் சேதம். மகளின் கடிகாரத்தில் சாவி பிடிப்பின்றிச் சுழல்வதற்குத் துரு காரணமாக இருக்கலாம். மெயின் ஸ்பிரிங் அறுந்திருக்கலாம். சாவிச் சக்கரங்களில் ஒன்றின் பல் தேய்ந்திருக்கலாம். இரண்டாவதும் மூன்றாவதும் எளிய வேலைகள். முதலாவது எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்பதைப் பொறுத்தே எதையும் சொல்லமுடியும். திறந்து பார்க்காமல் விலை சொல்பவரும் பரிசோதிக்காமல் மருந்தெழுதுபவரும் ஒரே இனம்.

இதுவரை பேசியது எவருக்கும் உரிய பகுதி. இனி ஒருவருக்கே உரியது.

டயலும் கூடும் பின்மூடியும் ஆலையை விட்டு வெளியேறும்போது பிறவற்றைப் போன்றவையே. வேறுபாடு அதன் பின்னர் நேர்கிறது. வங்கியின் கவுண்டர் விளிம்பில் நாற்பது கோடைகள் உரசிய கூடு ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருக்கும். டயலின் மஞ்சள் நிறம் ஐம்பதாண்டு ஒளியும் ஈரமும் எழுதியது. பின்மூடியின் உட்புறத்தைப் பார்த்தால் இன்னொன்றும் காணக்கூடும். பழுதுநீக்குவோர் தம் குறியீட்டையும் தேதியையும் ஊசியால் அங்கே கீறிவைக்கும் வழக்கம் உலகெங்கும் உண்டு. எந்த ஆண்டு, எத்தனை முறை, எத்தனை கைகள் என்பதற்கான ஒரே ஆவணம் அந்தக் கீறல்கள். கல்வெட்டையும் ஓலையையும் படியெடுக்கக் கற்றவர்கள் இதைப் படியெடுக்க நினைப்பதில்லை என்பது வியப்புக்குரியது. ஜாலஹள்ளியில் உள்ள எச்.எம்.டி. பாரம்பரிய அருங்காட்சியகம் எந்த மாதிரிகள் செய்யப்பட்டன என்பதைச் சொல்லும். செய்யப்பட்டவை பிறகு எப்படி வாழ்ந்தன என்பதைச் சொல்லக்கூடியவை வீட்டு அலமாரிகளில் கிடப்பவையே.

இனி, மும்பைக்கு அனுப்பினால் என்ன நடக்கும்? மும்பையின் பழைய கடிகாரத் தொழிலில் கைதேர்ந்தவர்கள் பலர் உண்டு. அவர்களைக் குறைகூறுவது நோக்கமன்று. ஆனால் ‘புத்தம் புதிதாக்குதல்’ என்ற பெயரில் நடப்பது பெரும்பாலும் ஒரே முறையைச் சார்ந்தது. டயலைச் சுரண்டிப் புதிய வண்ணம் பூசி எழுத்துகளை மீண்டும் அச்சிடுவார்கள். கூட்டை மெருகுச் சக்கரத்தில் பிடிப்பார்கள். கீறலோடு விளிம்புகளின் கூர்மையும் போய்விடும். பின்மூடி தேய்ந்திருந்தால் வேறொன்றைப் பொருத்துவார்கள். பெயரும் ஆண்டும் ஏதோவொரு தட்டில் ஒதுங்கும். ஆலை ஒருபோதும் செய்யாத ஊதாவிலும் ஆரஞ்சிலும் ஜனதாக்கள் உலகச் சந்தையில் திரிவது இப்படித்தான். ஃபேவர்-லூபா போன்ற பழைய சுவிஸ் பெயர்களுக்கும் இதே கதி நேர்ந்திருக்கிறது. தேவநாகரி எண்கள் கொண்ட டயல்களுக்குச் சேகரிப்பாளரிடையே வரவேற்பு மிகுந்ததும், அவையும் புதிது புதிதாக அச்சாகத் தொடங்கிவிட்டன. வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் இந்தியாவிலிருந்து வரும் பழைய கடிகாரத்தை ஐயத்தோடு பார்ப்பதற்குக் காரணம் உண்டு.

சிதைந்த சுவடியைப் பதிப்பிப்பவர், செல்லரித்த இடத்தில் புள்ளியிட்டுக் காட்டுவார். தாமே ஒரு சீரை எழுதி நிரப்பிவிட்டு மூலம் கிடைத்தது என்று சொல்லமாட்டார். சொன்னால் அவர் பதிப்பாசிரியர் அல்லர். கட்டடப் பாதுகாப்பில் இதே வழக்கு 19ஆம் நூற்றாண்டிலேயே நடந்தது. ஜான் ரஸ்கின் 1849இல் மீட்டமைப்பு என்பதே அழிவின் மிக மோசமான வடிவம் என்ற நிலைக்குச் சென்றார். பிரான்சின் வியோலே-லெ-துக், ஒரு கட்டடம் எக்காலத்திலும் கொண்டிராத முழுமையைக்கூட அதற்குத் தரலாம் என்று வாதிட்டார். 1964இன் வெனிஸ் சாசனம், ஊகம் தொடங்கும் இடத்தில் மீட்டமைப்பு நின்றுவிடவேண்டும் என்ற வரையறையைத் தந்தது. கைக்கடிகாரத்துக்கு இது அப்படியே பொருந்தும். இயந்திரத்தில் ஊகத்துக்கு இடமில்லை. அளவு பொருந்தினால் ஓடும், இல்லையேல் நிற்கும். டயலில் எல்லாமே ஊகம்.

இவ்விடத்தில் தத்துவ மாணவர்கள் மிலிந்த பன்ஹாவின் தேரை இழுத்துவருவார்கள். அச்சு தேரன்று, சக்கரம் தேரன்று, நுகம் தேரன்று. எல்லாம் கூடிய நிலைக்கு இட்ட பெயரே தேர் என்று நாகசேனர் மன்னனுக்கு விளக்கும் பகுதி அது. அதன்படி எந்தப் பாகத்தை மாற்றினால் என்ன, ஜனதா என்பதே ஒரு வழக்குப்பெயர்தானே என்று வாதிடலாம். சுவையான வாதம். ஆனால் நாகசேனர் தேரை விற்கவில்லை. மாற்றியதை மாற்றினோம் என்று சொல்லி விற்பதும் 1974இன் அசல் என்று சொல்லி விற்பதும் அடையாளம் பற்றிய மெய்யியல் சிக்கல் அல்ல. ஒன்று நேர்மை, மற்றது ஏமாற்று.

வலுவான மறுப்பு வேறொன்று உண்டு. அது பெரியப்பா மகனின் மறுப்பு. கடிகாரம் ஆய்வாளருக்காக இல்லை, மகளுக்காக. அவள் தன் தந்தையின் கடிகாரத்தைப் பளபளப்பாகக் கட்டிக்கொண்டு அலுவலகம் போக விரும்பினால் அதைத் தடுக்கச் சாசனங்களுக்கு என்ன உரிமை? உரிமை இல்லைதான். பொருள் அவளுடையது, மஞ்சளித்த டயல் அவளுக்கு நோயையும் முதுமையையும் நினைவூட்டுமானால் அதை அவள் பொறுத்துக்கொள்ளவேண்டும் என்று எவரும் விதிக்கமுடியாது. ஆயினும் ஒன்றை அவளிடம் கேட்கலாம். அந்தப் பளபளப்பை அவள் எப்போதேனும் கண்டதுண்டா? 1974இல் டயல் வெண்மையாக இருந்தபோது அவள் பிறக்கவில்லை. அவள் விவரமறிந்த வயதில், பள்ளிக்குக் கைப்பிடித்து அழைத்துச் சென்ற அந்தக் கையில் இருந்தது ஏற்கெனவே கீறல் விழுந்த, விளிம்பு தேய்ந்த ஜனதாதான். புதிதாக்கப்பட்ட கடிகாரம் அவளுக்குத் தெரிந்த தந்தையின் கையிலிருந்து வருவதன்று. கேட்டபிறகும் அவள் புதிய டயலையே விரும்பினால், வேறொரு டயலை வாங்கிப் பொருத்திக்கொண்டு பழையதை உறையிலிட்டுப் பத்திரப்படுத்தலாம். சுரண்டியதைத் திரும்பப் பெறமுடியாது. கழற்றியதைத் திரும்பப் பொருத்தலாம்.

பிரித்துக் கொடுத்தே தீரவேண்டிய கடிகாரங்களும் உள. டயல் ஏற்கெனவே மறுஅச்சு. பின்மூடி எங்கிருந்தோ வந்தது. யாருடையது என்று எவருக்கும் தெரியாது. பழைய பொருட்சந்தையில் கூறுகட்டி வாங்கியது. அப்படிப்பட்ட ஒன்றை ஆயிரக்கணக்கில் செலவிட்டு ஓடவைப்பதில் காக்கப்படுவது எதுவுமில்லை. அதன் பேலன்ஸ் நல்ல நிலையில் இருந்தால் இன்னொரு வீட்டின் பெயர் பொறித்த ஜனதா அதனால் ஓடும். இதில் உணர்ச்சிவயப்பட ஒன்றுமில்லை. ஆனால் யாரிடம் கொடுக்கிறோம் என்பது முக்கியம். பழுதுநீக்குபவரின் இழுப்பறைக்குப் போகும் கடிகாரம் பத்துக் கடிகாரங்களுக்குள் பிரிந்து வாழும். போலி டயல்களுக்கு உள்ளே வைக்க மெஷின் தேடுபவரிடம் போனால் ஒரு பொய்க்கு உயிராகும். விலையில் இருநூறு முந்நூறு ரூபாய் வேறுபாடு இருக்கலாம். அதை விட்டுக்கொடுப்பது தகும். பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போடுவதே உண்மையான இழப்பு. கடிகாரத்தின் தகுதி தெரியாத வீடுகளில் அதுவும் நடந்துகொண்டுதான் இருக்கிறது.

இடைப்பட்ட நிலையொன்று உண்டு. அதற்குத் தெளிவான விடையில்லை. பின்மூடியில் பெயர் இருக்கிறது, டயல் அசல், ஆனால் உள்ளே துரு எல்லாவற்றையும் தின்றுவிட்டது. முழு மெஷினையும் வேறொன்றிலிருந்து எடுத்து வைக்கவேண்டும். அதற்காக ஓடிக்கொண்டிருக்கும் நல்ல ஜனதா ஒன்றைப் பலியிடவேண்டும். அந்த நல்ல ஜனதாவும் ஒருகாலத்தில் யாரோ ஒருவர் சம்பளத்தில் மிச்சம்பிடித்து வாங்கியதே. பெயர் பொறிக்கக் காசில்லாதவராக இருந்திருக்கலாம். எழுதப்பட்டதற்கே முன்னுரிமை என்ற நம் ஆவணக்காப்பக மனப்பான்மை இங்கேயும் வேலை செய்கிறது என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும். இத்தகைய நிலையில் ஓடாத கடிகாரத்தை ஓடாமலே வைத்துக்கொள்வதும் ஒரு முடிவுதான். பழுது பார், பிரித்து விற்றுவிடு என்ற இரண்டைத் தவிர மூன்றாவதாக இது இருப்பதை ஏனோ எவரும் சொல்வதில்லை. துரு மேலும் பரவாதபடி திறந்து துடைத்து, ஈரம் புகாத டப்பாவில் இட்டுவைத்தால் போதும்.

மகளின் ஜனதாவுக்குத் திரும்புவோம். அவள் செய்யவேண்டியது கடைக்கு எடுத்துச் செல்லும் முன்பே தொடங்குகிறது. முன்புறத்தையும் பின்மூடியையும் படமெடுத்துக்கொள்ளவேண்டும். கடையில், மூடியைத் திறந்ததும் உட்புறக் கீறல்களையும் படமெடுக்க அனுமதி கேட்கவேண்டும். பெரும்பாலான பழுதுநீக்குநர்கள் தம் முன்னோடிகளின் குறிகளைத் தாமே ஆர்வத்தோடு காட்டுவார்கள். இயந்திரத்தைக் கழுவி எண்ணெயிடவும், உடைந்ததை மாற்றவும், கண்ணாடியைப் புதிதாக்கவும் சொல்லலாம். கண்ணாடி தேய்வதற்கென்றே உள்ள பாகம். டயலைத் தொடவேண்டாம், கூட்டை மெருகிடவேண்டாம், பின்மூடி இதுவே இருக்கவேண்டும் என்ற மூன்றையும் ரசீதில் எழுதித் தரும்படி கேட்கவேண்டும். வாய்மொழியாகச் சொன்னால் மெருகுச் சக்கரம் கேட்காது. செலவு கடிகாரத்தின் சந்தை விலையைத் தாண்டலாம். தாண்டினால் தாண்டட்டும், அவள் சந்தையில் விற்பதற்காக அதைக் கொண்டுவரவில்லை.

கழற்றிய பாகங்களைக் காகிதப் பொட்டலத்தில் திருப்பித் தரச் சொல்லலாம். அறுந்த மெயின் ஸ்பிரிங்கை வைத்துக்கொண்டு என்னம்மா செய்வீர்கள் என்று அவர் சிரிப்பார். தேய்ந்தும் பயன்படக்கூடிய பாகம் ஏதேனும் அதில் இருந்தால் அவருடைய இழுப்பறைக்கே விட்டுவிட்டு வருவது நல்லது. வேலை முடிந்தபின், பின்மூடியின் உட்புறத்தில் அவரும் தம் குறியையும் தேதியையும் கீறிவிட்டே மூடவேண்டும் என்பதை மட்டும் மறவாமல் சொல்லவேண்டும்.